காத்திவாக்கம் மணலில் நின்ற மணப்பாட்டுப் பயணம்

காத்திவாக்கம்,
6-9-1952, சனிக்கிழமை.

அன்பு மச்சான் வால்டர் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஹில்டாவின் புருஷன் பாஸ்கல் பணிவோடு எழுதுவது.

இன்று காலை ஆறு மணி நிலவரப்படி, தாங்கள் இரவல் கொடுத்த காரின் பின்சக்கரங்கள் இரண்டும் மணலுக்குள் ஒன்றேகால் அடி இறங்கியிருக்கின்றன. துடுப்பை விட்டு அளந்து சொன்னவர் இந்தக் குப்பத்துத் தலைவர் ஜெயவேல். நேற்றைய அளவு ஓரடி. மற்றபடி சர்வேசுரன் கிருபையால் நானும் ஹில்டாவும் சுகம். தங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

நாங்கள் இந்நேரம் மணப்பாட்டை நெருங்கியிருப்போம் என்று நினைத்திருப்பீர்கள். கடலோரமாகவே தெற்கே போவது, ராத்திரிக்கு மணலில் கூடாரம் அடித்துத் தங்குவது, பதினான்காம் தேதி திருச்சிலுவைத் திருநாளுக்கு மணப்பாட்டுக் கோயிலில் நிற்பது என்றுதான் ஏற்பாடு. துறைமுகத்தில் நான் மூட்டை எண்ணிய முப்பது வருஷமும் செப்டம்பர் பிறந்தால் ஏதாவது ஒரு கப்பல் வந்து நிற்கும். நானும் போகாமல், ஹில்டாவும் போகாமல் திருநாள் கழிந்துவிடும். ஓய்வு பெற்ற முதல் வருஷமே கூட்டிப்போகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ரயில் இருக்கும்போது கூடாரம் எதற்கு என்று தாங்கள் கேட்டது நினைவிருக்கிறது. தயவுசெய்து இப்போது மறுபடி கேட்க வேண்டாம்.

தெற்கே போக வேண்டியவர்கள் பட்டணத்திலிருந்து வடக்கே எட்டு மைல் வந்தது எப்படி என்றால், இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் தங்கள் பெரிய தங்கை ஃப்ளோரன்ஸிடம் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போனால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை பேசமாட்டாள் என்றாள் ஹில்டா. சரி, வந்தோம். வந்த இடத்தில், மூர் மார்க்கெட்டில் வாங்கிய பட்டாளத்துக் கூடாரத்தை ஒரு ராத்திரி இங்கேயே அடித்துப் பார்த்துவிடலாம் என்று காரை மணலில் இறக்கியது நான். இதில் ஹில்டாவுக்குப் பங்கில்லை. விடிந்து வெளியே வந்தால் வாசலில் நாற்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் ஜெயவேல். "இன்னா நைனா, சர்வேக்கு வந்துகீறியா?" என்றார். ஐயா, நான் ரிடையரானவன், ஊர் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவன் என்றேன். "போன வருசம் வந்தவரும் அப்டிதான் சொன்னாரு. அப்பால பாத்தா வரலட்சுமி வூட்டாண்ட கல்லு நட்டுட்டுப் பூட்டாரு. வூடு வாசலை வுட்டுட்டு கூடாரத்துல படுக்கிறவன் சர்க்காரு ஆளாத்தான் இருப்பான்" என்றார்.

விஷயம் இதுதான். இந்தப் பக்கம் ஏதோ ஆலை வரப்போகிறதாம். சர்வே பட்டியலில் பேர் இல்லாத குடும்பத்துக்கு மாற்று மனை கிடையாதாம். முதல் ஆளை அனுப்பிவிட்டால் போதும் என்று நான் பழைய கணக்கு நோட்டை எடுத்து ஜெயவேல் பேரை எழுதினேன். அதுதான் நான் செய்த பிழை. ஒரு பேர் ஏறியபின் மற்றவர்கள் விடுவார்களா? இறால் விற்கும் வரலட்சுமி, "எங்கூட்டுக்காரரு பேருக்கு முன்னால எம்பேரு போடு நைனா. அவரு கடலாண்ட கீறாரு, நான்தான் வூட்டாண்ட கீறேன்" என்று நின்று எழுதவைத்துவிட்டுத்தான் போனாள். போன மாதம் கல்யாணமான ஒருவன் தன்னைத் தனிக் குடும்பம் என்கிறான், அவன் தாய் ஒரே குடும்பம் என்கிறாள். எத்தனை உலை வைக்கிறார்களோ அத்தனை குடும்பம் என்று ஹில்டா தீர்ப்புச் சொன்னாள். மறுநாள் குப்பத்தில் எல்லா வீட்டு வாசலிலும் இரண்டு அடுப்பு. காரைத் தள்ள இருபது ஆள் வேண்டும். கேட்டால், "அல்லார் பேரும் ஏறட்டும், அப்பால தள்றோம். இப்பத் தள்ளிவுட்டா நீ பூடுவியே" என்கிறார் ஜெயவேல். ஹில்டாவோ அக்காவோடு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டே, "ஆரம்பிச்சது நீங்கதானே, முடிச்சுட்டு எழுந்திருங்க" என்கிறாள். பேச்சில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாயிருக்கிறது.

நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தில் எண்பத்தொன்று முடிந்தது. மீதி முப்பத்தொன்று திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் முடியும் என்று எதிர்பார்க்கிறேன். அதற்கு முன்பே தாங்கள் கெட்டிக் கயிறும் எட்டு ஆட்களும் அனுப்பினால் திருநாளைப் பிடித்துவிடலாம். வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் தோத்திரமும் பிள்ளைகளுக்கு முத்தமும்.

தங்கள் அன்புள்ள,
பாஸ்கல்

பி.கு. 9-9-1952, செவ்வாய். தபாலாபீசுக்குப் போக ஆள் கிடைக்காமல் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. கயிறு வேண்டாம், ஆட்களும் வேண்டாம். நேற்று பட்டியல் முடிந்தது. சொன்ன சொல் தவறாமல் காரைத் தள்ளி ரோட்டில் ஏற்றிவிட்டார்கள். தெற்கே பார்த்து நிற்கிறது. இன்று காலை கூடாரத்தைப் பிரிக்கும்போது நிஜமான சர்வே அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். என் நோட்டைப் புரட்டிப் பார்த்து, நாலு நாள் வேலை மிச்சம் என்று அப்படியே ஏற்றுக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் ஹில்டாவின் கையெழுத்தில் ஒரு வரி: '113. கித்தான் கூடாரம். குடும்பத் தலைவர் பாஸ்கல். நபர் இருவர்.' குப்பத்தில் அடுப்பெரிகிற யாரையும் விடக்கூடாது என்று நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். அதை அடித்துவிடுங்கள் என்று அதிகாரியைக் கேட்டேன். ஒன்றை அடித்தால் மற்ற நூற்றுப் பன்னிரண்டும் சந்தேகத்துக்கு உள்ளாகும் என்றார்; எப்படியும் பட்டியலில் உள்ள குடும்பத் தலைவர்கள் எல்லோரும் விசாரணைக்கு நேரில் வரவேண்டும், ஒருவர் வராவிட்டாலும் பட்டியல் செல்லாது என்றார். ஜெயவேல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மறுபடி கேட்கவில்லை. "இப்ப நீயும் நம்மாளு நைனா" என்று பிரித்த கூடாரத்தை அவரே திரும்ப அடித்துக் கொடுத்தார். ஹில்டாவும் ஃப்ளோரன்ஸும் வியாழக்கிழமை ரயிலில் மணப்பாட்டுக்குப் புறப்படுகிறார்கள். "முப்பது வருஷம் உங்களுக்காக நான் நின்னேன். இந்த வருஷம் நீங்க நில்லுங்க, நான் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். விசாரணை பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி. அதுவரைக்கும் அரிசி இரண்டு படி அனுப்பவும்.