சூரியனுக்கா, மிளகாய்க்கா?

அப்பா மூன்றாவது தடவையாகச் சூரியனை முதலிலிருந்து ஆரம்பித்தபோது, நான் திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். வெட்கக்கேடு. எங்கள் அடுக்குமாடிக்காரர்கள் அத்தனை பேரும் பால்கனியில் வெந்துகொண்டிருந்தார்கள்.

தொலைநோக்கி வழியாக வெள்ளை அட்டையில் சூரியன் விழுந்திருந்தது. அதில் ஒரு கரும்புள்ளி.

"இந்தப் புள்ளி பூமியை விடப் பெரிசு. சுத்தியிருக்கிற இடத்தை விடச் சூடு கம்மி, அதான் கறுப்பாத் தெரியுது. புரியுதா?"

எல்லோரும் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்கள்.

"புரியலையா? பரவாயில்ல, மறுபடி சொல்றேன்!"

எங்கள் பல்கேரியாவில் இடவலமாக ஆட்டினால் ஆமாம். மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஜெர்மனியில் பல வருஷம் சூரிய ஆராய்ச்சி செய்துவிட்டு, போன மாதம்தான் அப்பா திரும்பினார். ஆள் வந்துவிட்டார், தலை அங்கேயே தங்கிவிட்டது. வந்த அன்றே அம்மா சொன்னாள்: "தலையைப் பாக்காதீங்க. வாயால கேட்டு, வாயால பதில் வாங்குங்க."

ஆராய்ச்சி மக்களைச் சேர வேண்டும் என்பது அப்பாவின் சபதம். அதற்கு ஞாயிறுதோறும் பால்கனி வேண்டும். அம்மாவுக்கும் அதே பால்கனி வேண்டும். செப்டம்பர் வந்துவிட்டது, குளிர்காலத்துக்குச் சிவப்புக் குடைமிளகாய் சுட்டு ஜாடியில் அடைக்க வேண்டாமா?

"புகையில சூரியன் தெரியாது, தெமெனுகா."

"சூரியனை ஜாடியில அடைக்க முடியாதுங்க."

பக்கத்து வீட்டு கென்சோ மாமா எழுந்தார். "லியுபென், பூமியை விடப் பெரிசுதான்யா, ஒத்துக்கிறோம். வீட்டுக்குப் போகலாமா?"

"பாத்தீங்களா, கேள்வி கேக்கிறாரு! எவ்வளவு ஆர்வம்!"

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கே முதல் தடவையே புரிந்துவிட்டது.

ஒருவழியாக முடித்தார். எல்லோரும் தப்பித்த சந்தோஷத்தில் கை தட்டினார்கள். அப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

"தெமெனுகா, இத்தனை பேர் சாட்சி. இனிமே ஞாயித்துக்கிழமை பால்கனி சூரியனுக்குத்தானே?"

அம்மா நிதானமாக, அழகாக, மேலும் கீழும் தலையை ஆட்டினாள். கென்சோ மாமா உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்பா அம்மாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். எனக்குத்தான் கூசியது.

"சரி, கீழ இருக்கிற மிளகாய் மூட்டையெல்லாம் தூக்கிட்டு வாங்க."

அத்தனை மூட்டையையும் அவரே சீட்டியடித்துக்கொண்டு மாடிக்குச் சுமந்தார்.

அடுத்த ஞாயிறு தொலைநோக்கியோடு வந்தார். பால்கனி முழுக்கப் புகை. அடுப்பில் மிளகாய் வெடித்துக்கொண்டிருந்தது.

"தலையாட்டினியேடி!"

"ஆட்டினேனே. ஊரே பாத்துச்சே. என்ன கென்சோ அண்ணே?"

அடுத்த பால்கனியிலிருந்து மாமா இடவலமாக ஆட்டினார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் குனிந்து மிளகாய்த் தோலை உரித்தேன்.

"வாயால பேசுங்கன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்றாள் அம்மா.

அப்பா வாயைத் திறக்கவில்லை. தலையைத்தான் ஆட்டினார், மேலும் கீழும்.