பாதியில் நின்ற படமும் கோடு போட்ட பசுவும்

மனித குலத்தில் 'கண்டுபிடிச்சிருக்காங்க' என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர்கள் எதையும் கண்டுபிடிப்பதில்லை. மற்றவர்கள் கண்டுபிடித்ததை நம்மிடம் வந்து சொல்வதோடு சரி. யார் கண்டுபிடித்தார்கள், எங்கே, எதற்காக என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பந்தியில் உட்கார்ந்துகொண்டு சமையல்காரரின் பூர்வீகத்தை விசாரிப்பவரைப் பார்ப்பது போல உங்களைப் பார்ப்பார்கள். காபி குடிக்கக் கூடாதாம், கண்டுபிடிச்சிருக்காங்க. அடுத்த மாதமே, காபி குடித்தால் நல்லதாம், அதையும் கண்டுபிடிச்சிருக்காங்க. நடுவில் ஒரு மாதம் காபி இல்லாமல் தலைவலியோடு கிடந்தவனின் கதி? அதைப் பற்றி யாரும் இன்னும் ஆராயவில்லை.

மலைக்குக் கீழே சமவெளியில் இந்த இனம் மனிதர்களோடு நிறுத்திக்கொள்கிறது. ஜவ்வாது மலையில் ஆடுமாடுகளையும் விட்டுவைப்பதில்லை. அங்கே இந்த இனத்தின் சார்பில் ஒருவரை அனுப்பச் சொன்னால் போட்டியே இல்லாமல் தேர்வாகக்கூடியவர் பாண்டுரங்கன்.

பாண்டுரங்கனுக்குச் சொந்த ஊர் கலசப்பாக்கம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மலையேறி வந்து தவிடு, புண்ணாக்கு, மாட்டுத் தீவனம் விற்கும் கடை போட்டார். நல்ல மனிதர். எடையில் விளையாட மாட்டார்; கன்று ஈன்ற மாட்டுக்கு ஒரு கை தவிடு கூடவே அள்ளிப் போடுவார். அவருக்குள்ள ஒரே கெட்ட பழக்கம் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி. ஆராய்ச்சி அவருக்குச் செல்போனில் வருகிறது. செல்போனுக்கு வேண்டிய சிக்னலோ, கடைக்கு எதிரே பலாமரத்தடியில் இருக்கும் பாறைமேல் ஏறி, மேற்கே பார்த்து நின்று, கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தால்தான் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அப்படி எட்டிப் பார்க்கிற நேரத்தில் தலைப்பு வந்துவிடும். செய்தி வராது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வட்டம் நிற்கும்வரை பாண்டுரங்கன் ஒரு நாளும் காத்திருந்ததில்லை. நாலு பேரிடம் சொல்லத் தலைப்பு போதாதா?

மனிதர்கள் சிரித்தால் ஆடுகளுக்குப் புரியுமாம் என்று ஒரு முறை தலைப்பு வந்தது. அன்று கடைக்கு வந்த முனியனைப் பிடித்துக்கொண்டார். முனியனுக்கு முப்பது ஆடு. கல்யாணத்தன்றுகூடச் சிரிக்காத மனிதர் என்று அவரைப் பற்றி ஊரில் பேச்சு. பாண்டுரங்கன் சொன்ன சொல்லைத் தட்டமுடியாமல் ஒரு வாரம் காலையும் மாலையும் பட்டியில் நின்று ஆடுகளைப் பார்த்துச் சிரித்தார். ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மனைவி பாஞ்சாலைதான், "எங்கூட்டுக்காரருக்கு இன்னாமோ ஆயிடுச்சி" என்று நாலு ஊர் தாண்டி மந்திரிக்கக் கூட்டிப்போனார்.

இன்னொரு முறை, ஆட்டின் கீழ் இமையை இழுத்து உள்ளே நிறம் பார்த்தால் வயிற்றுப் புழுவால் ரத்தம் குறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்று வந்தது. உண்மைதான். டாக்டர்களே அப்படித்தான் பார்க்கிறார்கள். ஆனால் தலைப்பில் ஆடு என்று இருந்ததை பாண்டுரங்கன் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. தவிடு வாங்க வந்தவர்கள், வழி கேட்க வந்தவர்கள், போளூர் பஸ் கண்டக்டர் என்று ஒருவர் கண்ணையும் விடவில்லை. கண்டக்டருக்கு இமை வெளுத்திருப்பதாகச் சொல்லி, பூச்சி மருந்து குடிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு பஸ் அவர் கடையைத் தாண்டி அரை பர்லாங் தள்ளித்தான் நிற்கிறது.

இதெல்லாம் சில்லறை. இவருடைய பெரிய காரியம் மங்கம்மாளின் பசு.

மங்கம்மாளுக்குச் சாமை விளைகிற ஒரு துண்டு நிலமும் கறுப்பி என்கிற பசுவும் உண்டு. பெயருக்கேற்ற நிறம், இரண்டாம் ஈத்து, காலடியில் இரண்டு மாதக் கன்று. மழை விட்ட அந்த வாரம் மலையெங்கும் ஈ. கறுப்பி நின்ற இடத்தில் நிற்காமல் வாலைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. அந்த வாரம் பார்த்துத்தானா பாண்டுரங்கன் பாறைமேல் ஏற வேண்டும்?

"மங்கம்மா, மாட்டுக்கு வரிக்குதிரையாட்டம் வெள்ளக் கோடு போட்டா ஈ கிட்டயே வராதாம். கண்டுபிடிச்சிருக்காங்க."

"அப்ப அந்த ஈயெல்லாம் எங்கண்ணா போவும்?"

"கோடு போடாத மாட்டாண்ட போவும்."

பக்கத்துக் கொட்டகையில் கோடு போடாத மாடு கோபால்சாமியுடையது. வேலித் தகராறில் அவரோடு பேச்சை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. மங்கம்மாளுக்கு ஆராய்ச்சியின்மேல் சட்டென்று ஒரு மரியாதை வந்துவிட்டது.

"சரி, போடுங்க" என்றார்.

தலைப்போடு ஒரு படமும் வந்திருந்தது. மேலிருந்து கீழாகத் திறந்துகொண்டு வந்த படம். கொம்பு வந்தது, காது வந்தது, கோடு போட்ட முதுகு வந்தது, விலாவில் பாதி வந்தது. அதோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். விஷயம் தெரிந்தவராக இருந்தால் மீதிக்குக் காத்திருப்பார். பாண்டுரங்கன் மீதியை யோசித்து எடுத்துக்கொண்டார். ஈ அதிகம் கடிப்பது எங்கே? மடியில். அப்படியானால் கோடு அதிகம் வேண்டியது எங்கே? பதில் சரியாகத்தானே இருக்கிறது. கடை ஷட்டருக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளை எனாமலைக் கொண்டுவந்து, காலை ஏழு மணிக்கு முதுகில் ஆரம்பித்து, பத்து மணிக்கு மடியில் வந்து, நாலு காம்பிலும் வளையம் வளையமாகப் போட்டு முடித்தார். கறுப்பி பரம சாதுவாக நின்றது.

ஈ வரவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மத்தியானம் வரை ஊரே வந்து பார்த்தது. வால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பாண்டுரங்கன் கைகட்டி ஓரமாக நின்று, யாரும் பாராட்டாத இடைவெளிகளில் தானே பாராட்டிக்கொண்டார்.

சாயங்காலம் கன்றை அவிழ்த்துவிட்டார் மங்கம்மாள். மலையில் கறவை அப்படித்தான். கன்று வந்து நாலு முட்டு முட்டி வாய் வைத்தால்தான் பசு பாலை இறக்கும். கன்று ஓடிவந்தது. மடிக்குக் கீழே மூக்கை நீட்டியது. எனாமல் வாடை ஏறியதும் இரண்டு தும்மல் தும்மி, தலையை உதறிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. இழுத்து வந்து வைத்தாலும் வாயைத் திறக்கவில்லை. கன்று வாய் வைக்காததால் கறுப்பி பாலை அடக்கிக்கொண்டது. கோடு போட்டுக் கண்டுபிடித்த வெளிநாட்டில் இயந்திரம் கறக்கிறது போலிருக்கிறது. இயந்திரத்துக்கு மூக்கு கிடையாது.

"ஈ இல்ல, ஒத்துக்கிறேன்" என்றார் மங்கம்மாள். "பாலும் இல்லியே, இன்னா பண்றது?"

விளையாட்டுப் பேச்சில்லை இது. இரண்டு வேளை கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும், கட்டினால் மடிநோய், மடிநோயில் ஒரு காம்பு போனால் போனதுதான், திரும்ப வராது. கன்றும் பட்டினி. மங்கம்மாளுக்கு இருப்பது இந்த ஒரு மாடு. பயத்தில் மற்றவர்கள் டாக்டரைத் தேடுவார்கள். பாண்டுரங்கன் பாறையைத் தேடிப்போனார்.

தெய்வாதீனமாக ஒரு தலைப்பு வந்தது: கன்று தாயை அதன் குரலாலேயே அடையாளம் காணுமாம்.

உடனே ஓடிவந்து கறுப்பி கத்துவதைச் செல்போனில் பதிவு செய்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கறுப்பியின் பக்கத்தில் நின்று அதை ஒலிக்கவிட்டார். ஆராய்ச்சி மறுபடியும் சரியாகத்தான் இருந்தது. கன்று அந்தக் குரலை அடையாளம் கண்டது. நேராக வந்து பாண்டுரங்கனின் வயிற்றில் நாலு முட்டு முட்டி, சட்டைப் பையை வாயில் கவ்விச் சப்ப ஆரம்பித்தது. அவர் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. கடைவரை கூடவே போனது. பிடித்துக் கட்டிவைத்து, கோபால்சாமி வீட்டுப் பால் ஒரு சொம்பை, பேச்சை விட்டிருந்தாலும் போய்க் கேட்டு வாங்கிவந்து, மங்கம்மாள்தான் அதற்குப் புகட்டினார்.

மறுநாள் காலை மடி கல்லாகியிருந்தது. கை வைத்தால் கறுப்பி உதைத்தது. நேற்றுவரை பரம சாதுவாக இருந்த மாடு.

மங்கம்மாள் சத்தம் போடவில்லை. "அண்ணா, எம்மாட்ட முன்ன இருந்தாமாரி குடுத்துடுங்க. ஈ கடிச்சாலும் பரவால்ல" என்றார். அவ்வளவுதான். அதைக் கேட்டதும் பாண்டுரங்கனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்றுதான் முதல் தடவையாகப் பாறையைத் தாண்டி நடந்துபோய், கால்நடை டாக்டரை நேரில் கூட்டிவந்தார்.

டாக்டர் பிரியதர்ஷினி வந்ததும் மாட்டை ஏற இறங்கப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து மடியைத் தொட்டுப் பார்த்தார்.

"மேடம், கோடு போட்டா ஈ கடிக்காதுன்னு..." என்று ஆரம்பித்தார் பாண்டுரங்கன்.

"தெரியும். படிச்சேன்."

"முழுசாவா?"

"முழுசாதாங்க. தண்ணியில கரையிற பெயிண்ட்டுதான் அவங்க அடிச்சது. மடியில அடிச்சதா அதுல எங்கயுமே இல்லியே."

முழுசாகப் படித்த ஓர் ஆளை பாண்டுரங்கன் அதுவரை நேரில் பார்த்ததில்லை. "கீழ்ப்பாதி வரலீங்க மேடம்" என்றார்.

டாக்டர் தேங்காய் எண்ணெய் கேட்டார், பழைய வேட்டி கேட்டார், வெந்நீர் கேட்டார். மண்ணெண்ணெயோடு வந்த பாண்டுரங்கனைப் பார்வையாலேயே திருப்பி அனுப்பினார். எண்ணெய் தடவி, ஊறவைத்து, துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். காம்புக்கு ஓர் ஆள். டாக்டர் ஒன்று, மங்கம்மாள் ஒன்று, பாண்டுரங்கன் ஒன்று. நாலாவதற்கு ஆள் இல்லாத நேரத்தில் கோபால்சாமி வேலியைத் தாண்டிக் குதித்து வந்தார். "எம்மாட்டுல மட்டும் எப்பிடிம்மா நேத்துலேந்து ரெண்டு பங்கு ஈ?" என்று சண்டைக்கு வந்தவர் கையில் டாக்டர் ஒரு துணியைக் கொடுத்துவிட்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த இரண்டு வீடும் ஒரே மடிக்குக் கீழே தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. டாக்டர் மெல்லப் பிழிந்து நாலு பீச்சு எடுத்து, உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார். திரியவில்லை. "தப்பிச்சிது" என்றார். அந்தப் பாலையே காம்பிலும் கன்றின் மூக்கிலும் தடவிக் கன்றை விடச் சொன்னார்.

கன்று பாய்ந்து வந்தது. வந்து பாண்டுரங்கனின் சட்டைப் பையைக் கவ்வியது.

எல்லாரும் பாண்டுரங்கனைப் பார்த்தார்கள். அவர் குனிந்து கன்றைப் பார்த்தார், மங்கம்மாளைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி, போனோடு சேர்த்துச் சுருட்டி, வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தார். கன்று சுற்றுமுற்றும் தேடியது. கறுப்பி ஒரு குரல் கொடுத்தது. கன்று திரும்பி, மடிக்குப் போய், மோந்து, நாலு முட்டு முட்டி வாய் வைத்தது. கடைவாயில் நுரை தள்ளியபோதுதான் மங்கம்மாள் அழுதார். அழுதுகொண்டே பாண்டுரங்கனைத் திட்டினார். திட்டிக்கொண்டே அவருக்கும் ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்தார்.

"இனிமே முழுசா படிக்காம வாயத் தொறக்க மாட்டேன் மேடம்" என்று வெற்றுடம்போடு நின்று சத்தியம் செய்தார் பாண்டுரங்கன். மனப்பூர்வமாகத்தான் செய்தார். மறுநாள் காலை பத்தரை மணிவரை காப்பாற்றவும் செய்தார். பத்தரைக்கு நெல்லிவாசல்நாட்டிலிருந்து புண்ணாக்கு வாங்க ஒருவர் வந்தார். அவர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "தெரியுமா சேதி? மாட்டு மடியில எனாமல் அடிக்கவே கூடாதாம். கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார்.

"எந்த ஊர்லங்க?"

"எல்லாம் நம்ம மலையிலதான்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இன்று பொழுது சாய்வதற்குள், டீக்கடையிலோ, பஸ்ஸிலோ, கல்யாண வீட்டிலோ யாரிடமாவது, மாட்டுக்கு வெள்ளைக் கோடு போட்டால் ஈ கடிக்காதாம், எங்கேயோ படித்தேன் என்று நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். எத்தனை மாட்டுக்குப் போட்டார்கள், எத்தனை நாள் பார்த்தார்கள், எந்த ஈ என்று அவர் கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது, நானும் அந்தச் செய்தியைப் பாதிதான் படித்தேன். ஆகையால் ஒரு சின்ன வேண்டுகோள்: சொல்லும்போது மடியை விட்டுவிடச் சொல்லிவிடுங்கள்.