முதலாளி என்று கூப்பிட்ட பதினெட்டு நாள்

சரவணை,
21.08.1986

அன்பும் அறிவும் நிறைந்த என் தம்பி அரியநாயகத்துக்கு,

அக்கா அன்னபூரணம் எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நீயும் மச்சாளும் பிள்ளைகளும் லண்டன் குளிர் பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று கும்பிடுகிறேன். நாங்கள் இங்கே நல்ல சுகம் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. ஆனால் சொல்லைக் கண்டபடி பாவிக்கக் கூடாது என்று போன கடிதத்தில் ஆறு பக்கத்துக்கு நீ புத்தி சொல்லியிருப்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன். உனக்கென்ன, பகலில் பெற்றோல் அடித்துவிட்டுப் பின்னேரத்தில் மனத்தைப் பற்றிப் படிக்கிற வகுப்புக்குப் போகிறாய். படித்ததை யாருக்காவது கொடுத்துப் பார்க்க வேண்டுமே! அதற்கு அகப்பட்டது உன் அத்தான்.

நடந்ததைக் கேள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் பதுளைக் கடை எரிந்து, உன் அத்தான் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, உடுத்த சாரத்தோடு இந்தப் படியேறியது உனக்குத் தெரியும். வந்த கிழமையே விதானையார் நிவாரண அரிசிக்குப் பெயர் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் ஏரம்பு இரண்டு பேர். சுருட்டுக் கொட்டில் வைத்திருப்பவர் ஒருவர், இவர் ஒருவர். குழப்பம் வரக்கூடாதென்று விதானையார் உரத்த குரலில், "அகதி ஏரம்பு!" என்றார். அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. பிறந்த ஊரில், தான் உழைத்துக் கட்டின கல்வீட்டில், தான் வெட்டுவித்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஒரு மனிதன் அகதியானான். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம் பார்த்துத்தான் சொன்னார்கள். அவர் அதைக் கேட்டுக் கேட்டு அப்படியே ஆகிப்போனார். விறாந்தைக் கதிரையில் இருந்தால் இருந்ததுதான். சவரம் இல்லை, பேச்சு இல்லை. தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். பிள்ளை குட்டியும் இல்லாத வீடு. மாட்டையும் தோட்டத்தையும் பார்த்து, அவருக்குத் தலையில் தண்ணீரும் வார்த்து, மூன்று வருசம் நான் ஒருத்தி இழுத்தேன். அந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது. மனிதன் தன்னை எந்தச் சொல்லால் நினைக்கிறானோ அந்தச் சொல்லாகவே ஆவான், ஆகையால் எல்லோரும் அத்தானைப் பழையபடி முதலாளி என்று கூப்பிடுங்கள், ஒரு மாதத்தில் ஆள் எழும்புவார் என்று எழுதியிருந்தாய். ஒரு மாதம் எங்கே, ஒரே காலையில் எழும்பினார்.

பக்கத்து வீட்டுச் செல்லாச்சியிடமும் தபால்காரத் தம்பிராசாவிடமும் விசயத்தைச் சொல்லிக் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன். முதல் நாள் செல்லாச்சி வாசல் படலையில் நின்று, "முதலாளி, சுகமாய் இருக்கிறியளோ?" என்றாள். அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். மூன்று வருசமாய் வளைந்து கிடந்த முதுகு நிமிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஆர், செல்லாச்சியே? என்ன வேணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாங்கள் ஒருவரும் ஆயத்தமாய் இருக்கவில்லை. அவள் தடுமாறி, "அரை றாத்தல் சீனி" என்றாள். அவர் உள்ளே திரும்பி, "அரை றாத்தல் சீனி கட்டு! கெதியா!" என்று போட்ட சத்தத்தில் அடைக்கோழி எழும்பிப் பறந்தது. நான் குசினிக்குள் ஓடி, எங்கள் மாதச் சீனியைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். பொட்டலத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "சரை கட்டத் தெரியாத உம்மை ஆர் வேலைக்கு எடுத்தது?" என்றார். தம்பி, அதற்கும் நான் சிரித்தேன். வாய் திறந்துவிட்டாரே என்ற சந்தோசம் அப்படி.

அதோடு நின்றிருந்தால் உனக்கு ஒரு பொன்னாடையே அனுப்பியிருப்பேன். தம்பிராசா சைக்கிளில் போன இடமெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறான். படலையில் நின்று முதலாளி என்று ஒரு குரல் கொடுத்தால் சாமான் வரும் என்று தெரிந்ததும் புளியங்கூடலிலிருந்தும் மண்கும்பானிலிருந்தும் சனம் வரத் தொடங்கியது. மூன்று வருசமாய் இந்த வீட்டுப் பக்கம் தலை காட்டாத சொந்தமெல்லாம் நாக்கில் தேன் தடவிக்கொண்டு வந்தது. தேயிலை போனது, செத்தல் மிளகாய் போனது, சவர்க்காரம் போனது, மச்சாள் அனுப்பின வாசனைப் பவுடரும் போனது. இவர் என் அலுமாரித் தட்டுகளைக் கழற்றி முன்னறைச் சுவரில் அடித்து, வெறும் தகரப் பேணிகளை வரிசையாக அடுக்கினார். "இஞ்சாருங்கோ, பேணியுக்கை ஒண்டுமில்லையே" என்று நான் சொல்லப்போக, "சாமான் வருகுது. நீர் வாயை மூடிக்கொண்டு தூசியைத் தட்டும்" என்றார். காலையில் நான்கு மணிக்கு என்னை எழுப்பிவிட்டு, கடை திறக்கிற நேரத்தில் படுத்துக் கிடக்கிறேன் என்று பேச்சு. அவரை எழுப்பச் சொல்லித்தான் கேட்டேன், என்னை வேலைக்காரியாக்கச் சொல்லிக் கேட்கவில்லை. எனக்கும் ஏதாவது ஒரு நல்ல சொல் கூப்பிடலாம் என்று உன் ஆறு பக்கத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன். கடை இருந்த காலத்தில் அவர் வருசத்துக்கு இரண்டு தரம்தான் வீட்டுக்கு வருவார். வந்தால் பத்து நாள் நித்திரை கொண்டுவிட்டுப் போவார். பதுளையில் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் இருந்த மனிசனை நான் கண்டதே இல்லை. இந்தப் பதினெட்டு நாளில்தான் கண்டேன். வெள்ளை வேட்டி கட்டி, சவரம் எடுத்து, விபூதி பூசி, வாற சனத்தின் தாய் தகப்பன் பெயரெல்லாம் சொல்லி விசாரித்துக்கொண்டு நின்றால் பார்க்க வடிவாய்த்தான் இருந்தார். அந்த ஆளோடு முப்பது வருசமும் இருந்திருக்கலாமே என்று எனக்கு எரிச்சலும் வந்தது, ஆசையும் வந்தது.

இனித்தான் சங்கதி. வெறும் பேணியைக் காட்டி எத்தனை நாளைக்கு முதலாளியாய் இருக்கலாம்? முந்தநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "அடுத்த மாதம் பத்தொன்பதாம் திகதி பயணம்" என்றார்.

"எங்கை?"

"பதுளைக்கு. கடை இருந்த இடம் இன்னும் என்ரை பேரிலைதானே கிடக்குது. ஒரு கொட்டில் போட்டுத் தொடங்கினால் காணும். அங்கத்தையாக்களுக்கு என்னை நல்லாய்த் தெரியும்."

"தெரிஞ்சபடியால்தானே உங்கடை கடை எதெண்டு காட்டிக் குடுத்தவை."

"உமக்கு வியாபாரம் விளங்காது. முதலாளி இல்லாத இடத்திலை கடை எப்பிடி நிக்கும்?"

கடை சாம்பலாய்ப் போய் மூன்று வருசம். அதை விளங்கப்படுத்த என்னால் ஏலவில்லை. ஆனையிறவு ஆமிக் காம்பைத் தாண்டுவதே பெரும்பாடு. போன மாதம் கொழும்பு பஸ்ஸில் போன இரண்டு பேர் எங்கே என்று இன்னும் தெரியாது. இந்த ஆள் எந்தச் சோதனைச் சாவடியிலும் நெஞ்சை நிமிர்த்தி, நான் பதுளை முதலாளி என்று சொல்லும். அதுதான் எனக்கு நித்திரை இல்லாத பயம். போனால் திரும்பி வர மாட்டார். இது எனக்கு வெளிச்சமாய்த் தெரிகிறது.

செல்லாச்சி வந்து காதுக்குள், "அக்கா, பழையபடி அந்தப் பேரைச் சொல்லி ஒருக்காக் கூப்பிடுங்கோ. ஆள் இருந்திடுவார்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை வளவுக்கு வெளியே கலைத்தேன். மூன்று வருசம் பிணம் போலக் கிடந்தவரை ஒரு சொல்லில் எழுப்பிவிட்டு, இன்னொரு சொல்லால் நானே அடித்துப் படுக்க வைப்பதா? என் நாக்கு அழுகினாலும் அது நடக்காது. ஆகையால் தம்பி, இந்தக் கடிதம் கண்டவுடன் அவருக்கு நீ ஒரு கடிதம் போடு. சந்தை நிலவரம் சரியில்லை, ஒரு வருசம் பொறுக்கச் சொல்லு. வியாபாரப் பேச்சாய் எழுதினால் கேட்பார். உன் புத்தகத்தில் முதலாளியாகவும் இருந்துகொண்டு வீட்டிலும் இருக்கிறதற்கு ஏதாவது சொல் இருந்தால் அதையும் சேர்த்து எழுது. மச்சாளுக்கு என் அன்பு. பிள்ளைகள் நல்லாய்ப் படித்து நீடூழி வாழட்டும். நீயும் படி, ஆனால் இனிமேல் சொந்தக்காரரை வைத்துப் பழகிப் பார்க்காதே.

இப்படிக்கு,
உன் அக்கா
அன்னபூரணம்

பி.கு.: 22ஆம் திகதி, பின்னேரம். ஒட்டின கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். நீ அவருக்குக் கடிதம் போட வேண்டாம். கொழும்புக்கு ஒரு வெங்காய லொறி போகிறதென்று கேள்விப்பட்டு, பத்தொன்பதாம் திகதி வரைக்கும் என்னத்துக்குக் காத்திருக்கிறது என்று இன்று காலை பையோடு படலைக்குப் போய்விட்டார். தம்பிராசா, செல்லாச்சி, சீனி வாங்கின சனம் எல்லாம் நின்று, "போட்டு வாங்கோ முதலாளி" என்றது. சந்தியில் லொறி ஹோன் அடித்தது. காலில் விழுந்து பார்த்தேன், கேட்கவில்லை. எழும்பி நின்று, கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒருநாளும் வாயால் சொல்லாத பெயரைச் சொன்னேன். "அகதி ஏரம்பு! உள்ளுக்கை வாரும்!" என்று விதானையாரிலும் உரத்துக் கத்தினேன். அவர் பையைக் கீழே வைத்தார். வந்து கதிரையில் இருந்தார். சனம் கலைந்து போனது. செல்லாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறார், தம்பி. அதற்காகத்தான் சொன்னேன். இன்னொரு தரம் வெளிக்கிட்டாலும் சொல்லுவேன். மத்தியானம் சோறு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழும்பி நின்று, இரண்டு கையாலும் கோப்பையை வாங்கினார். முப்பது வருசமாய் என்னை நீர் என்று பேசின மனிசன், "உங்களுக்குச் சரியான கரைச்சல் தாறன், அம்மா" என்றார்.