டக்ளஸ் என்றால் வேங்கை

"தெரியாது" என்ற சொல் என் வாய்க்கு இன்றுவரை பழகவில்லை. (மூளைக்கு அது நல்ல சிநேகம்.) இந்த முட்டாள்தனத்தால் என் தங்கை மீனாவின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அவள் கட்டிக்கொள்ள விரும்பிய ஸ்காட்லாந்துக்காரர் டக்ளஸ், பெண் கேட்டுத் தென்காசிக்கே வந்துவிட்டார். அப்பா ரிட்டயர்டு ஏட்டையா. திருடனிடமே "யாரு பேரலே ஒனக்கு வச்சிருக்காவ?" என்று விசாரித்துவிட்டுத்தான் லத்தியை எடுப்பாராம். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்ள பேருக்கு என்னலே அர்த்தம்? அர்த்தமில்லாத பேருக்குப் பொண்ணு குடுக்க முடியாது."

"வேங்கைன்னு அர்த்தம்ப்பா. கோட்டையக் காக்குற வேங்கை."

அப்பாவின் மீசை சிரித்தது. சாயங்காலத்துக்குள் வீரகேரளம்புதூர் பெரியப்பா வரைக்கும் வேங்கை போனிலேயே பாய்ந்துவிட்டது.

மறுநாள் சொந்தபந்தமெல்லாம் ஒரு வேன் நிறைய ஐந்தருவிக்குப் போனோம். நல்ல சீசன், சாரல். டக்ளஸ் இடுப்பில் துண்டோடு, எண்ணெயில் பளபளத்துக்கொண்டு நின்றார். எண்ணெய் தேய்த்தவரிடம் அப்பா பெருமையடித்தார்: "நல்லா அழுத்தித் தேய்ங்க அண்ணாச்சி. பேரே வேங்கைல்லா!"

மீனா அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். டக்ளஸ் விழித்தார். அவர் சொன்ன பதிலை அவள் அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அப்பா... வேங்கை இல்லையாம். அவங்க ஊர்ப் பழைய பாஷையில கறுத்த ஓடைன்னு அர்த்தமாம்."

"ஓடையா?" என்றார் பெரியப்பா. அப்பா என்னைப் பார்த்தார். (பல கேஸ்கள் அந்தப் பார்வையிலேயே முடிந்திருக்கின்றன.)

"சொந்தக்காரவுக முன்னால என்னையக் கேணயனாக்கிட்டியேலே! இந்தப் பேச்சே வேண்டாம், கெளம்புங்க எல்லாரும்."

மீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. டக்ளஸ் மட்டும் நகரவில்லை. அருவியை அண்ணாந்து பார்த்தபடி மெதுவாகப் பேசினார். மீனா விசும்பலோடு சொல்லிக்கொண்டே வந்தாள். மலையிலிருந்து இறங்கும் ஓர் ஆற்றுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு கரையில் இருந்த ஊருக்கு, ஊரிலிருந்த குடும்பத்துக்கு, அப்புறம் பிள்ளைகளுக்கு. இவருக்கு வந்தது தாத்தாவிடமிருந்து. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது அவர்கள் பக்கத்து வழக்கமாம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாங்கள் யாருமே கண்டிராத ஏதோ குளிர்மலையில் கறுத்து ஓடிய தண்ணீர், எத்தனையோ தாத்தாக்கள் வழியாக இறங்கி வந்து, இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு எங்கள் தண்ணீருக்கு முன்னால் நின்றது.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். (சாரலாம்.)

"நம்ம வழக்கம்லா அது! எங்க அப்பா பேரத்தான இவனுக்கும் வச்சேன், குத்தாலிங்கம்னு. ஆவணியில கல்யாணத்த வச்சுக்கிடுவோம் மாப்ள."

அதிலிருந்து நான் எதைச் சொன்னாலும் வீட்டில் "வேங்கையா, ஓடையா?" என்று கேட்டுவிட்டுத்தான் நம்புகிறார்கள்.

அன்று வேனில் ஏறும்போது அப்பாவை ஒட்டி நின்று குழைந்தேன்: "பாத்தியளாப்பா, எனக்கும் தாத்தா பேரு அப்படியே வந்துட்டு."

"பேரு வந்துட்டு. புத்தி வரல."