துண்டித்தது நான்தான், மாமா

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிவோடு எழுதுவது. நான் நலம் என்று எழுத ஆசைதான். உங்கள் மகள் உங்கள் வீட்டில் இருக்கும்வரை அது பொய்யாகிவிடும். அத்தையின் கணுக்கால் வீக்கம் வற்றியதா? நேரில் விசாரிக்கத்தான் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறியிருக்கிறேன். ஆனால் நேரில் பேச ஆரம்பித்தால் என் முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பதால், இதை வண்டியிலேயே எழுதி உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பதாக உத்தேசம். எழுத்து கோணலாக இருந்தால் தண்டவாளத்தைத் திட்டவும்.

வியாழக்கிழமை உங்கள் பேச்சு பாதியில் அறுந்ததற்கு சிக்னல் போய்விட்டது என்று காரணம் சொன்னேன். சிக்னல் ஜம்மென்று இருந்தது. துண்டித்தது நான்தான். கெட்ட எண்ணம் கிடையாது மாமா, எல்லாம் ஆபீஸ் பழக்கம்.

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்வதாகத்தான் எல்லாரிடமும் சொல்லி வருகிறீர்கள். உண்மையில் இரண்டு கணினிகள் பேசி முடித்ததும் மரியாதையாக விடைபெற வைப்பதுதான் என் வேலை. ஒன்று "என் பக்கம் முடிஞ்சுது" என்று சொல்லும். மற்றது "கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, தன்னிடம் மிச்சமிருப்பதை நிதானமாக அனுப்பலாம். பிறகு அதுவும் "என் பக்கமும் முடிஞ்சுது" என்று சொன்னால், முதலாவது "கேட்டுச்சு" என்று பதில் தந்து, அந்தப் பதில் வழியில் தொலைந்துவிட்டால் திரும்பச் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்து, அப்புறம்தான் நடையைக் கட்ட வேண்டும். நான் எழுதிய நிரலோ தன் பக்கம் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டது. மூன்று வாரமாக எல்லாருக்கும் கோப்புகள் கடைசிப் பக்கம் இல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கின்றன. எங்கள் மேலாளரம்மா தன் வழக்கப்படி என்னை வராந்தாவின் ஒரு முனையிலும் இன்னொருவரை மறுமுனையிலும் நிறுத்தி, கணினிகள் பேசுவதையெல்லாம் துண்டுச்சீட்டில் எழுதிப் பரிமாற வைத்தார். "நீ பேசி முடிச்சா போதுமா? எதிராளி முடிச்சாரான்னு பாக்க வேணாமா?" என்று மூன்று மாடிக்கும் கேட்கும்படி டோஸ் வேறு. சரி, காத்திருக்க வைத்தேன். ஆனால் எதிராளி முடிக்கவே மாட்டேன் என்றால்? அதற்கொரு கெடு வைத்தேன்: ஐந்து நிமிடம் புதிதாக எதுவும் வராவிட்டால் துண்டித்துக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம்தான் நீங்கள் அழைத்தீர்கள். "என் பக்கம் அவ்வளவுதான் மாமா" என்றேன். "சரி மாப்ள, ஒரு நிமிஷம் இருங்க" என்று மாடிவீட்டுத் தண்ணீர்த்தொட்டி ஒழுகும் கதையைத் தொடங்கினீர்கள். ஒரு முறை கேட்டேன். இரண்டாம் முறையும் உம் கொட்டினேன். மூன்றாம் முறையும் அதே தொட்டி, அதே ஒழுகல். கண் தானாகக் கடிகாரத்துக்குப் போயிற்று. ஐந்து நிமிடமாகப் புதிதாக ஒன்றும் வரவில்லை. துண்டித்துவிட்டேன்.

பேச்சு அறுந்தது தெரியாமல் நீங்கள் சொல்லி முடித்த அடுத்த வாக்கியம் "நாளைக்கு நாலு மணி வண்டில பொண்ணு வர்றா, ஸ்டேஷனுக்குப் போயிருங்க" என்பது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு பெரிய பெட்டிகளோடு அவள் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறாள். ஒரு போன் செய்திருக்கலாம். ஆனால் அந்த ரோஷம் உங்கள் ரத்தம். "அப்பா சொல்லியும் வரலைன்னா வேணும்னேதான் வரல" என்று அடுத்த வண்டியிலேயே உங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அன்றிலிருந்து என் அழைப்பை எடுப்பதே இல்லை.

முடியவில்லை மாமா. வீட்டில் சண்டை போடக்கூட ஆளில்லை. என் சட்டை எங்கே இருக்கிறது என்று அலமாரியைப் பார்த்துக் கத்துகிறேன், அது பதில் சொல்ல மாட்டேன் என்கிறது. அவளைச் சமாதானம் செய்து என்னோடு அனுப்பிவையுங்கள். இனி நீங்கள் "வைக்கிறேன்" என்று சொன்ன பிறகும் போனைக் காதிலேயே வைத்திருப்பேன். தொட்டிக் கதையைப் பத்து முறை சொன்னாலும் பத்து முறையும் ஆச்சரியப்படுவேன். உங்கள் அழைப்பை இந்த ஜென்மத்தில் துண்டிக்க மாட்டேன். இது சத்தியம்.

அத்தை சீக்கிரம் எழுந்து நடக்கவும், உங்கள் குரல் இன்றுபோல் என்றும் கணீரென்று இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மருமகன்

பி.கு.: இதை எழுதும்போது நீங்கள் மூன்று முறை அழைத்தீர்கள். கடிதத்தின் ஓட்டம் கெட்டுவிடுமே என்று மூன்றையும் துண்டித்துவிட்டேன். வண்டி உங்கள் ஊருக்குள் நுழையும் இந்த நேரத்தில் உங்கள் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது: "அப்பா பேசிப் பேசியே அனுப்பி வச்சுட்டாரு. நம்ம வீட்டு வாசல்ல நிக்கிறேன், பூட்டியிருக்கு. நான் வர்றேன்னு அப்பா உங்களுக்குப் போன் பண்ணலையா?"