தோளில் போன மிஷின்

மானமுள்ள மனுசன் எதையும் இழப்பான், எதற்கும் அஞ்சமாட்டான் என்பது கண்டி மாப்பிள்ளைமாருக்குக் கோட்டுத் தைத்துக் கொடுக்கும் மர்சூக் மாஸ்டரின் கொள்கை. அன்று காலையிலும் அதைச் சொன்னார். சொன்னபோது கட்டிலுக்கு அடியில் இருந்தார்.

"மீட்டர் பாக்க வந்த ஆள்தான். போயிட்டாரு. வெளிய வாங்க," என்றாள் மனைவி கைரியா.

'மாப்பிள்ளை மாளிகை' என்று பலகை மாட்டிய கடை கடனில் மூழ்கி, கடனைக் கட்ட வழியில்லை என்று மாஸ்டர் வங்குரோத்துக்கு மனுப் போட்டிருந்தார். நீதிமன்றத்துப் பிஸ்கல் அதிகாரி வீட்டுக்கு வந்து கடனுக்கு எடுக்கும் சாமான்களைக் குறிப்பார் என்றார் சட்டத்தரணி. எதையெல்லாம் தொடமாட்டார்கள் என்றும் அவர் சொல்லத் தொடங்கினார். அதற்குள் மாஸ்டர், தனக்கு யாரும் சட்டம் படிப்பிக்கத் தேவையில்லை என்று எழுந்து வந்துவிட்டார்.

கட்டில் போகட்டும், அலுமாரி போகட்டும். தையல் மிஷின் போனால் அடுப்பு எரியாது.

முதலில் மிஷின்மேல் மெத்தை போட்டு, விரிப்பு விரித்து, அதை ஒரு வாங்கு ஆக்கினார். பக்கத்து வீட்டு நஸ்லியா வந்து அதில் உட்கார்ந்தாள். விரிப்பைக் குத்திவைத்த ஊசியை எடுக்க மறந்திருந்தார். அவள் போட்ட சத்தத்தில் தெருவே வந்து மிஷினைப் பார்த்துவிட்டுப் போனது.

இனி அது இங்கே இருக்கக்கூடாது. தெல்தெனியவில் மீன் வியாபாரம் செய்யும் கைரியாவின் தம்பி ரிஸ்மி வீடுதான் தோது. யார் கண்ணிலும் படாமலிருக்க மேசையோடு சேர்த்து வெள்ளைத் துணியால் நன்றாகச் சுற்றி, வேனில் கொண்டுபோனார்.

வேன் நின்ற இடத்துக்கு எதிரே பள்ளிவாசல். அஸர் தொழுகை முடிந்து வந்தவர்கள், வெள்ளைத் துணி சுற்றிய நீளமான பொருள் இறங்குவதைக் கண்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு தோள் கொடுத்தார்கள். மாஸ்டர் வாயைத் திறக்குமுன் மிஷின் பாதித் தெரு போய்விட்டது.

"மையித்து ஆருடைய?" என்று இறந்தவர் யாரென ஒரு பெரியவர் மெல்லக் கேட்டார்.

துணிக்குள்ளிருந்து ஒரு நூற்கட்டை விழுந்து, அவர் காலடிக்கு உருண்டு வந்து பதில் சொன்னது.

ரிஸ்மி மட்டும் சிரிக்கவில்லை. தன் வீட்டில் கரண்ட் சரியில்லையாம். மீன் வைக்கிற பிரீசரை மச்சான் கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்ளட்டுமாம். அதே வேனில் ஏற்றியும் விட்டான். உதவி பெற்றவர் எப்படி மறுப்பது?

அடுத்த கிழமை பிஸ்கல் வந்தார். தினேஸ் என்ற ஹந்தானைப் பக்கத்து இளைஞர். கட்டில், சட்டி பானை எல்லாவற்றையும் பார்த்து, இருக்கட்டும் என்று நகர்ந்தார். மீன் வாடை அவரைப் பிரீசருக்கு இழுத்துப்போனது.

"இது யாரோடதுங்க?"

ரிஸ்மியுடையது என்றால் அங்கே போவார்கள். போனால் மிஷினைக் காண்பார்கள்.

"என்டது," என்றார் மாஸ்டர், வியர்த்துக்கொண்டு.

"மீன் யாவாரமா?"

"தையல்."

"தைக்கிறவருக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய பிரீசர்?"

"அவருக்கு ஐஸ் தண்ணி இல்லாட்டி ஏலாது," என்றாள் கைரியா.

தினேஸ் பிரீசரில் பறிமுதல் சீட்டு ஒட்டினார். பிறகு சுற்றிப் பார்த்தார். "உங்க மிஷின் எங்கங்க? பயப்படாதீங்க. ஒருத்தர் பொழைக்கிற தொழில் சாமானை நாங்க தொடக்கூடாது, அதான் சட்டம்."

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மிஷின் பத்திரமாக இருக்கிறது, தெல்தெனிய மச்சான் ரிஸ்மி வீட்டில், இன்றைக்கே கொண்டுவருகிறேன் என்றார்.

தினேஸ் பேனாவை மூடினார்.

"மீன்கார ரிஸ்மியா? அவரு கடனுக்கு நேத்துத்தான் அங்க போனேன். பிரீசர் இருந்திருந்தா தொட்டிருக்க மாட்டேங்க. தையல் மிஷின்தான் இருந்துச்சு, என்னோடதுன்னு அவரே சொன்னாரு, ஏத்திட்டு வந்துட்டோம்."