மெம்பர் போட்ட பாலம்

பாலத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரும்புச் சட்டம், அதன்மேல் கெட்டியான பலகை, ஏறி இறங்க இரண்டு பக்கமும் படி, பிடித்துக்கொள்ளக் கம்பி. கீழே ஆறு மட்டும்தான் இல்லை. முத்தாபுதுப்பேட்டையில் தெருவுக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவே, ஆடு மேய்கிற காய்ந்த பொட்டலில் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

தெருவே பூந்தமல்லிக் கல்யாணம் ஒன்றுக்குப் போய், தங்கிச் சாப்பிட்டுவிட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தது. போகும்போது பாலம் இல்லை. வரும்போது இருக்கிறது.

"மேல ரயில் உடப்போறான்," என்றார் தையல்காரர் சாதுல்லா.

"பலக மேலயா ரயிலு உடுவான்? துணி ஒணத்தறதுக்குப் போட்டுகீறான்," என்றாள் கெங்கம்மாள். சொல்லும்போதே அவளுடைய புடவை ஒன்று கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது.

"எதுக்குன்னு அப்பறம் பாக்கலாம். யாரு போட்டது?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் வார்டு மெம்பர் செங்கல்வராயனைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுபதாம் வருஷத்துப் பஞ்சாயத்துத் தேர்தல் நெருங்கிவிட்டது. இத்தனை வருஷ மெம்பர் பதவியில் அவர் சாதித்தது ஒரு தெருவிளக்கு. அதுவும் அவர் வீட்டு வாசலில் எரிந்தது. இந்தத் தடவை சைக்கிள் கடை பால்ராஜ் எதிர்த்து நிற்பதாகச் சொல்லிவிட்டான். பதவி போய்விட்டால் டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கக்கூட ஆள் இருக்காது என்ற பயம் செங்கல்வராயனுக்குச் சில நாளாகவே இருந்தது.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கூட்டத்தில் பால்ராஜ் சிரிப்பது கண்ணில் பட்டது.

"நான்தான் போட்டேன்," என்றார்.

"மெய்யாலுமா? தண்ணியே இல்லாத எடத்துல இன்னாத்துக்கு மெம்பரே பாலம்?" என்றார் சாதுல்லா.

"வரப்போவுதில்ல?"

"இன்னா வரப்போவுது?"

"தண்ணி!"

கைதட்டல் விழும் என்று எதிர்பார்த்தார். கெங்கம்மாள் போட்ட கூச்சல்தான் காதைப் பிளந்தது. "ஐயையோ, வெள்ளம் வரப்போவுதாம்!" அடுத்த நிமிஷம் பாதித் தெரு சட்டி பானை, கோழி குஞ்சு சகிதம் பள்ளிக்கூட வராந்தாவைப் பார்த்து ஓடியது. ஓட்டெல்லாம் ஓடுகிறதே என்று மெம்பரும் பின்னாலேயே ஓடினார்.

"வெள்ளம் இல்லம்மா, வாய்க்கா! வாய்க்கா வெட்டப்போறோம்!"

"எப்போ?" என்றான் பால்ராஜ், சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே.

"நாளைக்கே!"

வீட்டில் அவர் மனைவி வேம்புலியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "வாயக் குட்த்து மாட்டிகினியே. எவன் வெட்டுவான்?"

"உன் தம்பிங்க சும்மாதானே கீறானுங்க?"

மறுநாள் மச்சான்மார்கள் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். தலைப்பாகை கட்டிக்கொண்டு மெம்பரும் கடப்பாரையைத் தூக்கினார். சாயங்காலத்துக்குள் கை கொப்புளித்துவிட்டது. ஆனால் பாலத்துக்கு அடியில் பார்க்க லட்சணமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

பால்ராஜ் சைக்கிளில் வந்து பள்ளத்தை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றினான்.

"மாமே, சுத்திகினு போனா நாலு மிதி. உன் பாலத்துல ஏறி எறங்கினா முட்டிதான் வலிக்கும்."

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. மானம் போகிறதே என்று மெம்பர் பள்ளத்தை இடது பக்கம் நீட்டினார். வலது பக்கமாகக் கெங்கம்மாள் ஆடு ஓட்டிக்கொண்டு போனாள். வலது பக்கமும் நீட்டினார். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போன மூத்த மச்சான் திரும்பி வரவேயில்லை. மெம்பர் விடவில்லை. ஒரு முனை ஏரிக்கரையைத் தொட்டது, மறுமுனை பெரிய ஓடையில் போய் விழுந்தது. இனி யாரும் சுற்றிக்கொண்டு போக முடியாது.

"வாய்க்கா ஜோராகீது. தண்ணி எங்க?" என்றான் பால்ராஜ், உள்ளே இறங்கி அந்தப் பக்கம் ஏறிக்கொண்டே.

மெம்பருக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் அம்மனுக்குக் கெடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டார்.

அம்மன் கைவிடவில்லை. ஐப்பசி மழை அடித்து நொறுக்கியது. ஏரி நிரம்பி வழிந்து, வாய்க்காலில் ஆள் உயரத்துக்குச் செந்தண்ணீர் புரண்டு ஓடியது. தெரு இந்தப் பக்கம். பஸ், பள்ளிக்கூடம், ஆவடி வேலை எல்லாம் அந்தப் பக்கம். தெருவே வரிசையில் நின்று பாலம் ஏறியது. சாதுல்லா தையல் மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏறினார். பால்ராஜ் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க ஏறினான்.

"நைனா, இப்புடி ஆவும்னு உனுக்கு எப்புடித் தெரிஞ்சிது?" என்று கெங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எல்லாம் ஒரு அனுபவந்தான்," என்றார் மெம்பர் அடக்கமாக.

நடுப்பாலத்தில் நிற்க வைத்து அவருக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். பால்ராஜ் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாத்தே, நான் நிக்கல. என் ஓட்டும் உனுக்குத்தான்." செங்கல்வராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் என்றுமே இருந்ததில்லை.

அப்போதுதான் பஸ் ரோட்டில் ஒரு பச்சை லாரி வந்து நின்றது. கையில் ஸ்பேனரோடு ஏழெட்டுச் சிப்பாய்கள் குதித்தார்கள். மீசைக்கார ஹவில்தார் ஒருவர் பாலத்தின்மேல் ஏறி வந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் எறங்குங்க. இதப் பிரிக்கணும்."

"பிரிக்கறதா? இது நான் போட்ட பாலம்!" என்றார் மெம்பர், மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"பட்டாளத்துப் பாலம்யா இது. புதுசா சேந்த பசங்க கட்டிப் பழகறதுக்குப் போட்டது, பயிற்சி அப்பவே முடிஞ்சிடுச்சி, லாரி இப்பதான் கெடச்சிது. நாளைக்கு எடுத்துட்டுப் போனா யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாதுன்னு, சொட்டுத் தண்ணி இல்லாத எடமாத் தேடிப் பாத்துதான் போட்டோம்."

ஹவில்தார் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்.

"ஆமா, இந்த வாய்க்கால எவன்யா வெட்டினான்?"